கர்ப்பப்பையில் நார்க்கட்டி: எடுப்பதா, சுருக்குவதா, சும்மா விடுவதா?

எங்கள் குடியாத்தம் பக்கம் கல்யாண வீட்டில் "ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டின்னு வந்திருக்கு" என்று யாராவது வாய் திறந்தால் போதும், பந்தி முடிவதற்குள் மூன்று தீர்ப்பு வந்துவிடும். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே அது இன்னாத்துக்கு, எடுத்துப் போட்டுடு" என்பார் பெரியம்மா. "கத்தி வெச்சா இடுப்பு போயிடும், கழற்சிக்காய் சாப்பிடு" என்பார் பக்கத்து இலைக்காரர். மூன்றாவது ஆள், "எங்க அண்ணிக்கும்தான் இருந்துச்சு, ஒண்ணுமே பண்ணல, நல்லாத்தான் இருக்கா" என்பார். பெரியம்மாவுக்கு எடுத்தது சரியாக இருந்திருக்கும், அந்த அண்ணிக்குச் சும்மா விட்டது சரியாக இருந்திருக்கும். (கழற்சிக்காய்க்கு அப்புறம் வருகிறேன்.) உங்களுக்கு எது சரி என்று பார்க்க நாலு விஷயம் தெரிய வேண்டும்: கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன தொந்தரவு கொடுக்கிறது, இனிமேல் குழந்தை வேண்டுமா, மாதவிடாய் நிற்க இன்னும் எத்தனை வருஷம். எத்தனை சென்டிமீட்டர் என்பது இதற்கெல்லாம் பிறகுதான், ஆனால் ஊரே முதலில் கேட்பது அதைத்தான்.

நான் டாக்டர் இல்லை. வீட்டுக்கும் உறவுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து, டாக்டர்களைக் குடைந்து கேட்டு, மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டவள். அதனால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, கர்ப்பப்பைச் சுவரின் தசையிலிருந்தே வளருவது. புற்றுநோய் கிடையாது. சார்கோமா என்று ஒரு புற்றுநோய்க் கட்டி உண்டு, ஆனால் அது மிக அபூர்வம், சாதாரண நார்க்கட்டி மாறி அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் அது தனியாகவே வருவது என்றுதான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள்: அமெரிக்காவில் 2003ல் வெளியான ஓர் ஆய்வில், 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதத்துக்குப் பக்கமாகவும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் இந்தக் கட்டி இருந்தது தெரியவந்தது. பாதிப் பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் இரண்டும் சுரக்கும்வரை வளரும், மாதவிடாய் நின்றபிறகு பெரும்பாலும் சுருங்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதால்தான் கட்டி வந்தது என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டே, அது தவறு.

இப்போது இடம். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். "பல்க்கி யூட்டரஸ்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கர்ப்பப்பை கொஞ்சம் பெருத்திருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே கட்டியின் அளவும், அதற்கு முன்னால் ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சொல்தான் முக்கியம். சப்மியூகோசல் என்றால் கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. இன்ட்ராம்யூரல் என்றால் சுவருக்குள். சப்சீரோசல் என்றால் வெளிப்பக்கமாக, சில சமயம் காம்போடு தொங்கிக்கொண்டு. வாசலில் கிடக்கும் சின்னக் கல் தினம் காலை இடறும், தோட்டத்து மூலையில் கிடக்கும் பாறை இடறாது. அதேபோல் உள்ளறையில் இருக்கிற 2 சென்டிமீட்டர் கட்டி ஆளையே வெளுக்க வைக்கும் அளவுக்கு ரத்தத்தைக் கொட்டும், வெளிப்பக்கம் இருக்கிற 6 சென்டிமீட்டர் கட்டி ஒரு சொட்டு அதிகமாகப் போகவிடாமல் சும்மா இருக்கும். வெளிப்பக்கக் கட்டி பெரிதானால் அதன் தொல்லை வேறு மாதிரி: முன்பக்கம் மூத்திரப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் ஓட வைக்கும், பின்பக்கம் அழுத்தினால் மலச்சிக்கல், இடுப்பு வலி, வயிறு மேடு. 2011லிருந்து டாக்டர்கள் இந்த இடத்தை 0 முதல் 8 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். 0, 1, 2 உள்ளறைப் பக்கம், 7 வரை எண் ஏற ஏற வெளிப்பக்கம், 8 என்றால் கர்ப்பப்பை வாய் மாதிரி வேறு இடம். "டாக்டர், இது எந்த நம்பர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியாவிட்டால் உள்வழி ஸ்கேன் எடுப்பார்கள், கட்டிகள் நிறைய இருந்தால் எம்.ஆர்.ஐ.

என் நாத்தனார் மகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். வயது 38, இரண்டு பிள்ளைகள். தூரமான இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் இரண்டு நாப்கின் வைத்து அதன்மேல் பழைய காட்டன் புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் பாலித்தீன் கவர் விரித்து, அது தெரியாமல் மேலே துப்பட்டாவைப் போட்டுத்தான் உட்காருவாள். அடிக்கடி பாத்ரூம் கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். ரத்தம் கட்டி கட்டியாகப் போவதை "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனபோது ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. அவள் போன முதல் இடத்தில் ஸ்கேனைப் பார்த்த கையோடு கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். கட்டி 2.5 சென்டிமீட்டர், சப்மியூகோசல். இந்த ஒரு கேஸை வைத்துக்கொண்டே மீதியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இருக்கிற வழிகள் எல்லாவற்றையும் அவளுக்காகத்தான் வரிசையாக விசாரித்தோம்.

எந்த வழிக்குப் போனாலும் முதல் வேலை ரத்தத்தை ஏற்றுவது. இரும்புச்சத்து மாத்திரை போடும்போது முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், அது இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் மாதிரி எதையாவது சேர்த்துக்கொண்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ரொம்பக் குறைந்துபோனவர்களுக்கும் இரும்பை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்கள், ஆனால் 6.8 இருக்கிற ஆளுக்குக் கீரை மட்டும் போதாது, அதிலும் மாதாமாதம் அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும்போது. இதோடு தைராய்டு பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தப்போக்கு அதிகமாகும். 45ஐத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்வரியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம், அதை "கட்டி இருக்கு, அதான் போகுது" என்று தாண்டிப் போகக் கூடாது.

தொந்தரவே இல்லையென்றால் சும்மா விடுவதுதான் வைத்தியம். வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த 3 சென்டிமீட்டர் கட்டி, தீட்டு ஒழுங்காக வருகிறது, ஹீமோகுளோபின் 12.5, வலியில்லை, இப்படிப்பட்டவரை ஆபரேஷன் டேபிளில் ஏற்ற எந்தக் காரணமும் இல்லை. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் போதும். "விட்டா கேன்சர் ஆயிடும்" என்று யாராவது சொன்னால், சொன்னவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டராகவே இருந்தாலும் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ஒரே கர்ப்பப்பையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பது சுருங்குவதுகூட உண்டு.

மாத்திரைகளில் இரண்டு ரகம். டிரானெக்சமிக் ஆசிட் என்பது ரத்தப்போக்கை மட்டும் குறைக்கும், அதிகமாகப் போகிற நாட்களில் மட்டும் போடுவது, 40 சதவீதம் வரை குறையலாம். வலிக்கும் சேர்த்து மெஃபனாமிக் ஆசிட். கட்டியின் அளவு இவற்றால் மாறாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் டிரானெக்சமிக் வேண்டாம் என்று டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த ரகம் ஹார்மோன். திருப்பதிக்குப் போகும்போதும் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போகும்போதும் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் தள்ளிப்போடுகிற மாத்திரை இருக்கிறதே, நோரெதிஸ்டிரோன், அதையேதான் ரத்தப்போக்கை நிறுத்தவும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஒன்று அவசரத்துக்கு நிறுத்த, இன்னொன்று மாதக்கணக்கில் கட்டுப்படுத்த, இரண்டும் வேறு வேறு அளவு, மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடுவது சரிவராது. நம் நாட்டிலேயே, லக்னோவில் இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த ஓர்மெலாக்ஸிஃபீன் மாத்திரையையும் அதிக ரத்தப்போக்குக்குக் கொடுக்கிறார்கள். அரசு சுகாதார நிலையங்களில் 'சாயா' என்ற பெயரில் கருத்தடைக்குக் கிடைப்பது இதுதான்.

ஹார்மோன் வைத்த வளையம், மிரெனா என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், இந்தப் பட்டியலிலேயே நம்மூரில் ரொம்பக் குறைவாகப் பயன்படுவது இதுதான் என்பது என் வருத்தம். காப்பர் டி மாதிரியே உள்ளே வைப்பது, ஆனால் தாமிரத்துக்குப் பதில் 52 மில்லிகிராம் ஹார்மோனை வருஷக்கணக்கில் துளித்துளியாக விடும், ஐந்து வருஷம் வரை ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும். இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே, காப்பர் டி எதுக்கு?" கருத்தடைக்காக இல்லை அக்கா, ரத்தப்போக்குக்காக. முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், கறைகறையாகப் பட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தாங்காமல் எடுத்துவிடச் சொல்கிறவர்கள் நிறைய. அந்தக் காலத்தைத் தாண்டினால் பலருக்கு மாதவிடாய் மிகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேவிடும். சின்னக் கட்டி, உள்ளறையின் வடிவத்தைக் கெடுக்காத கட்டி என்றால் பொருத்தம். உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் வளையம் வெளியே வந்துவிடக்கூடும், அதனால்தான் ஆம்பூர்க்காரிக்கு இது சரிவரவில்லை.

கட்டியையே சுருக்கும் மருந்துகளும் உண்டு. லியூப்ரோலைடு ஊசி, மாதம் ஒன்று; உடம்பைத் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும், கட்டி மூன்று மாதத்தில் கணிசமாகச் சுருங்கும், ரத்தம் போவது நிற்கும். கூடவே உடம்பு கொதிக்கிற மாதிரி சூடு, வியர்வை, தூக்கமின்மை. நாள்பட்டால் எலும்பு தேயும், அதனால் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை. ஊசியை நிறுத்தினால் கட்டி பழைய அளவுக்கு வந்துவிடும். ஆக, இது தனி வைத்தியம் இல்லை, ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தை ஏற்றவும் கட்டியைச் சிறிதாக்கவும் நேரம் வாங்கிக் கொடுப்பது. அல்லது 49 வயதில் இருப்பவருக்கு மாதவிடாய் தானாக நிற்கும்வரை பாலம் போடுவது. வெளிநாட்டில் ரெலுகோலிக்ஸ் மாதிரி மாத்திரை வடிவிலும் இந்த வகை வந்திருக்கிறது, அமெரிக்காவில் 2021ல் அனுமதி, அதிகபட்சம் 24 மாதம். மிஃபெப்ரிஸ்டோன் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் நம்மூர் டாக்டர்கள் சிலர் எழுதுகிறார்கள், அதுவும் டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

கழற்சிக்காய், வெந்தயம், சோற்றுக்கற்றாழை இவற்றால் நார்க்கட்டி கரைந்தது என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. சாப்பிடுவதால் உடனே கெடுதல் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "மூணு மாசம் குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் பார்ப்போம்" என்று இருக்கும் அந்த மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 9லிருந்து 6க்கு இறங்கினால் கணக்கு யார் சொல்வது?

இனி ஆபரேஷன் வகைகள். சப்மியூகோசல் கட்டிக்கு, அதாவது 0, 1 நம்பருக்கும் சில 2ஆம் நம்பருக்கும், ஹிஸ்டரோஸ்கோப்பி என்று ஒரு வழி இருக்கிறது: கீழ் வழியாகவே கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டு, கட்டியைச் சீவிச் சீவி எடுத்துவிடுவார்கள். வயிற்றில் தையலே கிடையாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், இரண்டு மூன்று நாளில் வேலைக்கும் போகலாம். நாத்தனார் மகளுக்குக் கடைசியில் செய்தது இதுதான். இரும்பு டிரிப் ஏற்றி, ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியபின் செய்தார்கள். கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது. முதல் இடத்தில் ஏன் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று கேட்டால், அந்த இடத்தில் அந்தக் கருவியே இல்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம். கையில் இருக்கிற வைத்தியத்தைத்தான் யாரும் சொல்வார்கள், அதனால்தான் இரண்டாவது டாக்டர்.

மயோமெக்டமி என்றால் கர்ப்பப்பையை வைத்துவிட்டுக் கட்டியை மட்டும் உரித்து எடுப்பது. கல்யாணம் ஆகி வருஷக்கணக்கில் குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருக்கும் 29 வயதுப் பெண்ணுக்கு, சுவரில் பெரிய கட்டி, அது உள்ளறையை நெருக்குகிறது என்றால், முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டுச் செய்தால் சீக்கிரம் தேறலாம், ரொம்பப் பெரிய கட்டிக்கும் நிறையக் கட்டிகளுக்கும் வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். இதில் மூன்று விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போகலாம், அபூர்வமாகக் கட்டுக்கடங்காமல் போய் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம், அதற்கான சம்மதத்தையும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள், படிக்காமல் போடாதீர்கள். சுவரில் ஆழமாக வெட்டி ஒட்டியிருந்தால் அடுத்த பிரசவம் பெரும்பாலும் சிசேரியன்தான், கருத்தரிக்கவும் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். மூன்றாவது, கட்டி மறுபடி வரலாம். சின்ன வயதில் செய்தவருக்கும் கட்டிகள் நிறைய இருந்தவருக்கும் அந்த வாய்ப்பு அதிகம். லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியை வெளியே எடுக்க அதை உள்ளேயே மிஷின் வைத்துத் துண்டாக்குவது ஒரு முறை. தெரியாமல் அதில் சார்கோமா இருந்துவிட்டால் வயிறு முழுக்கச் சிதறிவிடும் என்று 2014ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. "பைக்குள் வைத்துத் துண்டாக்குவீர்களா?" என்று கேட்கலாம்.

அடுத்தது எம்போலைசேஷன். தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குப் போகும் தமனி வரை கொண்டுபோய், மணல் மாதிரித் துகள்களைச் செலுத்திக் கட்டிக்கு ரத்தம் போவதை அடைத்துவிடுவார்கள். செய்பவர் மகப்பேறு டாக்டர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதனாலேயே மகளிர் ஓ.பி.யில் பலருக்கு இது காதில் விழுவதே இல்லை. பிரான்ஸில் 1995ல் முதன்முதலாக வெளியானது, புதிதொன்றும் இல்லை. வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, சி.எம்.சி. மாதிரி அந்தப் பிரிவு இருக்கும் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருப்பது. கல்கத்தாவிலிருந்து ரயில் ஏறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள், பக்கத்து ஊர்களான அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் இருப்பவர்கள் "பொழுது போகட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம்.

மயோமெக்டமியா எம்போலைசேஷனா என்று கேட்டால், இங்கிலாந்தில் 254 பெண்களை வைத்துச் செய்து 2020ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது: இரண்டு முறையிலும் தொந்தரவு நன்றாகக் குறைந்தது, இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது மயோமெக்டமி செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் சற்றுக் கூடுதலாக இருந்தது. எம்போலைசேஷனில் வெட்டு இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் எழுந்து வேலை பார்க்கலாம். ஆனால் முதல் இரவின் வலி சாமானியமானது இல்லை, சிலருக்குக் காய்ச்சலும் வரும், கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்குள் இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டது. குழந்தை வேண்டும் என்பவருக்கு இது முதல் தேர்வு இல்லை. 43 வயது, குழந்தை போதும், கர்ப்பப்பையை எடுக்க மனசில்லை, மயக்க மருந்து தாங்காத இருதயம் என்கிறவருக்கு நல்ல வழி. என் அபிப்பிராயம் அவ்வளவுதான். அல்ட்ராசவுண்டை ஒருமுகப்படுத்திக் கட்டியைச் சூட்டில் பொசுக்கும் முறை ஒன்றும் உண்டு, அமெரிக்காவில் 2004லேயே அனுமதி கிடைத்தது, ஆனால் அது எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது, கிடைக்கும் இடங்களும் குறைவு.

சரி, கர்ப்பப்பையை எடுப்பது. இதைக் கெட்ட வைத்தியம் என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டி மறுபடி வராது, ரத்தப்போக்கு இருக்காது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். ஆரணியில் பட்டு நெசவு செய்யும் குடும்பத்தில் 45 வயதுப் பெண், தொப்புள் வரை மேடான வயிறு, எல்லா மருந்தும் பார்த்தாயிற்று, வருஷா வருஷம் ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றால், அவர் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தறியில் உட்காரட்டும், அதில் தப்பென்ன? கேள்வி வயதைப் பற்றியது, அவசரத்தைப் பற்றியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் நாடு முழுக்க 3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆந்திராவில் 8 சதவீதத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கூலி நாள் போகக் கூடாது என்று இளவயதிலேயே எடுத்த சேதி 2019ல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 35 வயதுப் பெண்ணுக்கு, மருந்தோ வளையமோ ஒன்றுகூட முயற்சி பண்ணாமல், முதல் பேச்சே ஆபரேஷன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எடுப்பது என்று முடிவானால் எப்படி எடுப்பது என்பது அடுத்து. ஊரில் லேப்ராஸ்கோப்பிக்குத்தான் போர்டு வைக்கிறார்கள். கீழ் வழியாக எடுக்க முடிகிற அளவு என்றால் அதுதான் வெளியே தழும்பில்லாமல், செலவும் குறைவாக, சீக்கிரம் தேறும் முறை, "கீழ் வழியா எடுக்க முடியுமா டாக்டர்?" என்று ஒரு தடவை கேளுங்கள். பெரிய கட்டிக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், அப்போது முழுதாகத் தேற ஆறு வாரம், தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் தூக்கக் கூடாது, இதை மாமியாரும் புருஷனும் கூட இருக்கும்போது டாக்டர் வாயாலேயே சொல்ல வைப்பது உத்தமம். அதைவிட முக்கியம் சினைப்பை. கர்ப்பப்பையோடு அதையும் "எதுக்கு வெச்சிருக்கணும்" என்று எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளிலிருந்தே மெனோபாஸ், எலும்பு தேய்மானமும் இருதய நோயும் சீக்கிரம் வரும். புற்றுநோய்ப் பயமோ வேறு காரணமோ இல்லாதவரை அதை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கருக்குழாயை மட்டும் சேர்த்து எடுத்தால் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு குறையும் என்பதால் அதைப் பல டாக்டர்களே சொல்வார்கள். கர்ப்பப்பை போனால் தாம்பத்தியம் போய்விடும் என்பது பெண்களிடமும் அவர்கள் புருஷன்களிடமும் இருக்கும் பெரிய பயம். ரத்தப்போக்கும் வலியும் நின்றபிறகு பலருக்கு முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் வயது சராசரி 46, 47. அதனால் 46 வயதுக்காரர் ஆபரேஷனுக்குப் போகுமுன், வளையமோ மாத்திரையோ வைத்து ஒன்றிரண்டு வருஷத்தை ஓட்ட முடியுமா என்று கேட்பது நியாயம். ஓட்ட முடியாத அளவுக்கு ரத்தம் போகிறதென்றால் ஓட்டாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அல்லது நின்றபிறகும் கட்டி வளர்ந்துகொண்டே போனாலும், இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

பணம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் எந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதற்குள் வரும் என்பதை அட்மிஷன் போடுமுன் அங்கேயே இருக்கும் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிட வேண்டும். ஷூ கம்பெனி, தோல் ஷாப்பில் வேலை பார்க்கிற, மாதம் 21,000க்குள் சம்பளம் வாங்குகிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, சிகிச்சை மட்டும் இல்லை, சந்தா நாட்கள் சரியாக இருந்தால் லீவில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆறு வார ஓய்வு கிடைக்காது என்பதற்காகவே வயிற்றைத் திறக்க வேண்டிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் முடிவே மாறும்.

ஆபரேஷன் எதுவானாலும், எடுத்த கட்டியோ கர்ப்பப்பையோ பயாப்ஸிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்குப் போகும். அந்த ரிப்போர்ட் வர நாள் ஆகும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துவிடுவோம், மறுபடி யார் போவது என்று விட்டுவிடுகிறோம். தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். அதோடு கர்ப்பப்பை வாயையும் எடுத்தார்களா, விட்டிருக்கிறார்களா, சினைப்பை இருக்கிறதா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துக்கொள்ளுங்கள், புரியாவிட்டால் அங்கே இருக்கும் சிஸ்டரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாயை விட்டிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வழக்கம்போல் தொடர வேண்டும்.